மூஞ்சி அக்காவின் அட்டை

1984 பிப்ரவரி 27, திங்கள். பிரிக்ஃபீல்ட்ஸ்.

ஐந்து முகங்களை வரைந்து முடிக்க மூன்று நாள் ஆயிற்று. முதல் முகம் சிரிக்கிறது. இரண்டாவது, சிரிக்கலாமா என்று யோசிக்கிறது. மூன்றாவது வெறும் வட்டம், இரண்டு புள்ளி, ஒரு கோடு. நான்காவது கலங்குகிறது. ஐந்தாவது வாயைத் திறந்து அழுகிறது. ஐந்தாவது முதலில் தங்கரத்தினம் மாமியைப் போலவே வந்துவிட்டது. அழித்து வரைந்தேன். ஆய்வில் உறவினர் நுழையக் கூடாது.

நாளையிலிருந்து குழந்தைகள் கிளினிக்கின் வாங்குப் பலகையில் உட்கார வேண்டும். ஊசிக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகளிடம் அட்டையை நீட்டி, “உன் மனசு இப்ப எந்த முகம் மாதிரி இருக்கு?” என்று கேட்க வேண்டும். நாடியை அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்க வேண்டும். இரண்டையும் படிவத்தில் எழுத வேண்டும். மருத்துவச் செய்முறைக்கு முன் குழந்தைகளின் பதற்றத்தை அளத்தல். இதுதான் என் முதுகலை ஆய்வு. சொல்லும்போது குரல் தானாகவே கொஞ்சம் கனத்துவிடுகிறது.

அப்பா படிவத்தைக் கேட்டு வாங்கினார். ரயில்வே அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் படிவம் பார்த்த கண்.

“பிள்ளையள் ஊசிக்குப் பயப்படுதுகள் எண்டு கண்டுபிடிக்க யூனிவர்சிட்டி வேணுமோ?”

“எவ்வளவு பயம் எண்டு அளக்கிறது, அப்பா.”

“அப்ப உன்னையல்லோ முதல்ல அளக்க வேணும். ஆறாம் வகுப்பில பி.சி.ஜி. ஊசி போட வந்த அண்டைக்கு நீ எங்க ஒளிச்சிருந்தனீ?”

பள்ளிக் கழிவறையில். இரண்டரை மணி நேரம். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

பிப்ரவரி 28, செவ்வாய்.

முதல் நாள். ஊசி அறை சிஸ்டர் மார்க்கிரட்டின் ராஜ்யம். செந்தூல்காரர். ஓட்டப் பந்தயத்தில் ஓடினாலும் தொப்பி சாயாது போலிருக்கிறது. தாய்மார் கதவுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். ஏன் என்று கேட்டேன்.

“உள்ள விட்டா நான் ரெண்டு பேரைப் பிடிக்கணும். ஒருத்தருக்குத்தான் ஊசி. நீ உள்ள வந்து பாக்கலையா?”

“ஆய்வாளர் உள்ளே இருந்தால் முடிவு பாதிக்கப்படும், சிஸ்டர்.”

“அப்படியா லா,” என்று எங்கள் ஊர் ‘லா’வை இழுத்து என் முகத்தையே பார்த்தார். நான் படிவத்தைப் பார்த்தேன்.

முதல் பிள்ளை கிளாரன்ஸ், எட்டு வயது. தயங்காமல் அழுகிற முகத்தைத் தொட்டான். நாடி 124. உள்ளே போனான். பென்சிலின் ஊசி. மருந்து கெட்டியானது, மெல்லிய ஊசியில் இறங்காதாம். அலறல் கதவைத் தாண்டி வந்தது. நான் பேனாவின் மூடியை மூன்று முறை கழற்றி மாட்டினேன்.

அடுத்தது வெரோனிகா, ஆறு வயது. சிரிக்கிற முகத்தைத் தொட்டாள். “கெட்டிக்காரி!” என்றேன், ஒரு மிட்டாய் கொடுத்தேன். அவளுக்கு ரத்தப் பரிசோதனைதான். விரலில் ஒரு குத்து. விரலைச் சூப்பிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

வாங்கிலிருந்த அம்மாக்கள் எல்லாம் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆய்வுக்கு நல்ல வரவேற்பு.

மார்ச் 6.

மிட்டாய் தீர்ந்துவிட்டது. ஆர்வமும் கொஞ்சம்.

மார்ச் 13, செவ்வாய்.

ஒரு பிள்ளையைப் பற்றி எழுத வேண்டும்.

சீதாலெட்சுமி. ஏழு வயது. தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டு. இரட்டைப் பின்னல், ஒன்றில் ரிப்பன் இல்லை. தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து வருகிறாள். விடியுமுன்னே கிளம்பி, கிள்ளானில் பஸ் மாறி, வாங்கில் வந்து உட்காரும்போதே பாதி நாள் வேலை செய்தவளைப் போல் இருக்கிறாள். அம்மா நல்லம்மாள் அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. ஊசி நாளில் சம்பளம் இல்லாத விடுப்பு.

போன வருடம் காய்ச்சல் வந்து மூட்டெல்லாம் வீங்கி, கடைசியில் இதயத்தைத் தொட்டிருக்கிறது. இனி நான்கு வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின், பெரியவளாகும்வரை. தவறினால் காய்ச்சல் திரும்பும், அடுத்த முறை இதயத்தின் வால்வு கெட்டுப்போகும். இதை டாக்டர் நல்லம்மாளிடம் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். நல்லம்மாள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். ரசீது வாங்குபவரைப் போல.

அட்டையை நீட்டினேன். சீதாலெட்சுமி ஐந்து முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஐந்தாவதில் விரலை வைத்தாள். எடுக்கவில்லை.

“அக்கா, இதுக்கு மேல ஒன்னு இருக்கா?”

“இல்லையே.”

“அப்ப இதுதான்.”

நாடி 132. ஆறாவது முகம் வரையவில்லை என்று முதல் முறையாக ஒரு குறை தோன்றியது. பேராசிரியரிடம் கேட்கலாம். கேட்கமாட்டேன்.

ஏப்ரல் 3.

எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். இன்று கிளினிக் வாசலில் காலை வைத்ததும் ஒரு குரல்: “மூஞ்சி அக்கா வந்துட்டாங்க!” வாங்கு முழுவதும் நேராக நிமிர்ந்து உட்கார்ந்தது. இருபத்தைந்து வயதில், ஒரு பட்டத்தோடு, மூஞ்சி அக்கா.

கணக்கு: இதுவரை நாற்பத்தொரு பிள்ளைகள். முப்பத்து மூன்று பேர் சிரிக்கிற முகம். முதல் இரண்டு வாரத்தில் எல்லா முகங்களும் கலந்து வந்தன. இப்போது யாரும் மற்ற முகங்களைப் பார்ப்பதுகூட இல்லை. அட்டை பைக்கு வெளியே வருமுன்னே விரல் நீள்கிறது.

பேராசிரியர் ராதாகிருஷ்ணனுக்கு மகிழ்ச்சி. “நம்ம பிள்ளைங்க தைரியசாலிங்க, குணபூசணி. பதற்றமே இல்லை. ஆஸ்பத்திரி கமிட்டி கேட்டுக்கிட்டே இருக்கு, அம்மாக்களை ஊசி அறைக்குள்ள விடணுமான்னு. இதைக் காட்டிடலாம். தேவையில்லைன்னு ஆயிடும்.”

“ஆனா நாடி 128, 130ன்னு வருது சார்.”

“அதுக்கு ஒரு விளக்கம் எழுதுங்க.”

எழுதினேன். நான்கு பக்கம். உடல் பதறும்போதும் முகத்தை அமைதியாக வைத்துக்கொள்ளப் பழகிய கீழைத்தேயப் பண்பாட்டின் அடக்கம். இரண்டு அடிக்குறிப்பு. எழுதி முடித்ததும் என் அடக்கத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஏப்ரல் 10, செவ்வாய்.

சீதாலெட்சுமி இன்று சிரிக்கிற முகத்தைத் தொட்டாள். அழுத்தித் தொட்டாள், விரல் நுனி வெளுத்தது. என் கண்ணையே பார்த்தாள். நாடி 140.

“தழுவல் தொடங்கியுள்ளது” என்று படிவத்தின் ஓரத்தில் எழுதினேன். அந்த மை காய்ந்திருக்காது. உள்ளேயிருந்து அவள் குரல் —

“சிரிக்கிற மூஞ்சியத்தானே காட்டினேன்! சிரிக்கிறதைத்தானே காட்டினேன்!”

திரும்பத் திரும்ப அதையே. வலியில் கத்தும் பிள்ளை அம்மா என்று கத்தும். இவள் வாதாடினாள்.

வெளியே வந்தபோது என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. நான் கையசைத்தேன். (ஏன் கையசைத்தேன்? என்ன மடத்தனம்.)

சுவாரசியமான எதிர்வினை என்று குறித்துக்கொண்டேன். சுவாரசியம்! இந்தச் சொல்லை என்னிடமிருந்து யாராவது பிடுங்கிக்கொண்டால் நல்லது.

மே 8, செவ்வாய்.

சீதாலெட்சுமி வரவில்லை. பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். பஸ் பிந்தியிருக்கும்.

மே 9.

நேற்று இரண்டு மணி வரை இருந்தேன். பஸ் அவ்வளவு பிந்தாது.

மே 15, செவ்வாய்.

என்னைக் கண்டுபிடித்துவிட்டேன்.

செருப்பு வார் அறுந்துவிட்டது. தூணுக்குப் பின்னால் குனிந்து ஊக்கு குத்திக்கொண்டிருந்தேன். முன்பக்க வாங்கில் கிளாரன்ஸின் அம்மா மகதலேனா, புதிதாக வந்த ஓர் அம்மாவுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

“கண்ணாடி போட்ட மிஸி ஒன்னு வரும். படம் காட்டும். புள்ளைய சிரிக்கிற மூஞ்சியத் தொடச் சொல்லு. அப்பதான் சின்ன ஊசி.”

“அழற மூஞ்சியத் தொட்டா?”

“பெரிய ஊசி. எம் பையன் மொத நாளு தெரியாம அதைத் தொட்டுட்டான், பாவம். ரெண்டு நாளு உக்கார முடியல.”

“நெசமாவாக்கா?”

“நான் கண்ணால பாத்தேன் லா! அவனுக்கு அடுத்து ஒரு பொண்ணு, சிரிக்கிறதைத் தொட்டுச்சு. கெட்டிக்காரின்னு சொல்லி மிட்டாயும் குடுத்து, விரல்ல சும்மா ஒரு குத்து. அவ்ளோதான். விட்டுட்டாங்க.”

தூணுக்குப் பின்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். ஊக்கு விரலில் ஏறியது. சின்ன ஊசி.

இரண்டே பிள்ளைகளைப் பார்த்து அம்மாக்கள் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். தவறான முடிவு. ஆனால் பார்த்ததைச் சரியாகப் பார்த்திருக்கிறார்கள். நான் ஐம்பத்தெட்டுப் பிள்ளைகளைப் பார்த்து நான்கு பக்கம் எழுதினேன். எதையுமே பார்க்கவில்லை. கெட்டிக்காரி என்று சொன்னது யார்? நான். மிட்டாய் யார் கொடுத்தது? வாங்கு நிமிர்ந்து உட்கார்ந்தது ஆய்வின் மேல் மரியாதையாலா? ஊசியின் அளவைத் தீர்மானிக்கிற ஆள் உள்ளே வந்ததால்.

பிறகுதான் உறைத்தது. சீதாலெட்சுமி. அம்மாக்கள் சொன்னபடியே செய்தாள். சிரிக்கிறதைத் தொட்டாள். பெரிய ஊசியே போட்டார்கள். அவள் கணக்கில் நான் பொய் சொன்னவள். அல்லது அதைவிட மோசம்: எதைத் தொட்டாலும் தப்ப முடியாத இடம் இது.

ஊசி தவறி ஒரு வாரம்.

அவள் வீட்டுக்குப் போகணும். போய்த்தான் ஆகணும்.

மே 20, ஞாயிறு.

கிள்ளானில் இறங்கி பந்திங் பஸ் ஏறினேன். பதிவேட்டிலிருந்து எழுதி வந்த முகவரி. தொழிற்சாலை மதிலுக்குப் பின்னால் வரிசையாக நாலைந்து பலகை வீடுகள், துத்தநாகக் கூரை. மூன்றாவது வீட்டு வாசலில் சீதாலெட்சுமி கோழிக்குத் தவிடு போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். கிண்ணம் கீழே விழுந்தது.

“அம்மா! மூஞ்சி அக்கா ஊசி எடுத்துக்கிட்டு வீட்டுக்கே வந்துட்டாங்க!”

உள்ளே ஓடினாள். குளியலறைத் தாழ்ப்பாள் விழும் சத்தம்.

நல்லம்மாள் ஈரக் கையோடு வந்தார். என்னைக் கண்டதும் அவருக்கும் பயம்தான். கொஞ்ச நேரத்தில் சொன்னார்: “நான் வராம இல்ல மிஸி. கிள்ளான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இழுத்துக்கிட்டு வந்தேன். அங்க ஒரு தூணைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டா. நாலு பேரு சேந்து பிரிக்கப் பாத்தாங்க, முடியல. பஸ்ஸு போயிடுச்சு. அப்பறம் டாக்டரு ஏசுவாருன்னு நானும் பயந்துக்கிட்டு...”

குளியலறைக் கதவு பச்சை வர்ணம். கீழே ஒரு விரற்கடை இடைவெளி. அதில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. நான் ஈரத் தரையில் உட்கார்ந்தேன். என்ன பேசுவது? அட்டையும் இல்லை, படிவமும் இல்லை.

“சீதாலெட்சுமி. நானும் இப்படி ஒளிஞ்சிருக்கேன். பள்ளிக்கூடத்து டாய்லட்ல. ரெண்டரை மணி நேரம்.”

பாதங்கள் அசையவில்லை.

“ஊசிக்குப் பயந்து.”

“...அப்பறம் போட்டாங்களா?”

“மறுநாள் போட்டாங்க. ஹெட்மாஸ்டர் ரூம்ல. தனியா.”

“வலிச்சுதா?”

“வலிச்சுது.”

பாதங்கள் கதவின் பக்கம் ஓர் அடி நகர்ந்து வந்தன.

“அந்த அட்டைக்கும் ஊசிக்கும் சம்பந்தமே இல்லைம்மா. எந்த மூஞ்சியத் தொட்டாலும் உனக்கு அதே ஊசிதான். எல்லாரும் தப்பா நெனச்சுட்டாங்க. என்னாலதான்.”

“அப்ப எதுக்குக் கேக்கறீங்க?”

“உனக்கு எவ்வளவு பயம்னு தெரிஞ்சுக்கறதுக்கு.”

“தெரிஞ்சா என்னா செய்வீங்க?”

என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம் நாற்பது பக்கம். யார் யார் எந்தெந்த ஊரில் எப்படியெப்படி அளந்தார்கள் என்று எல்லாம் இருக்கிறது. இந்தக் கேள்விக்கு அதில் ஒரு வரி இல்லை. ஏழு வயதுக்காரி ஒரு கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு கேட்கிறாள். எழுதுவேன் என்றா சொல்வது?

“தெரியல,” என்றேன். “நீயே சொல்லு. என்னா செய்யலாம்?”

நல்லம்மாள் பின்னால் நின்று முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அம்மா உள்ள வரணும்.”

“சரி.”

“சத்தியமா?”

சத்தியம் செய்துவிட்டேன். சிஸ்டர் மார்க்கிரட்டைக் கேட்காமல்! திரும்பி வரும் பஸ்ஸில் என் நாடியை எண்ணிப் பார்த்தேன். 112. ஒரு செவிலிக்குப் பயந்து.

மே 21, திங்கள்.

முதலில் சிஸ்டர். எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தார், மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தொப்பி சாயும் என்று இன்று தெரிந்தது.

“அதான் ஒவ்வொன்னும் உள்ள வந்ததும் ‘சின்ன ஊசி மிஸி, சின்ன ஊசி மிஸி’ன்னு கத்துதுங்களா! நான் என்னமோ புதுசா ஒரு விளையாட்டுன்னு நெனச்சேன்.”

பிறகு சத்தியத்தைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

“என்னோட ரூமுக்கு நீ சத்தியம் பண்ணிட்டு வந்தியா?”

“ஆமா, சிஸ்டர்.”

“அந்தப் பொண்ணுக்கு ஏற்கனவே ரெண்டு வாரம் போச்சு. தெரியுமா உனக்கு?”

“அதுக்காகத்தான் சிஸ்டர்.”

மருந்துப் புட்டிகளைச் சும்மா இப்படியும் அப்படியும் நகர்த்தினார். “ஒரு அம்மா. ஒரு தடவை. மயக்கம் போட்டு விழுந்தா நீதான் தூக்கணும். நான் தூக்கமாட்டேன்.”

அடுத்து பேராசிரியர். அவர் சிரிக்கவில்லை. ஐம்பத்தெட்டுப் படிவங்களையும் அடுக்கி, ஓரங்களைத் தட்டிச் சமப்படுத்தினார். “இது பதற்றத்தோட அளவு இல்லை, குணபூசணி. உங்களைப் பத்தின வதந்தியோட அளவு. மறுபடி தொடங்குங்க.”

கமிட்டிக்கு அனுப்பவிருந்த குறிப்பை என் கண்ணெதிரே மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். கீழைத்தேய அடக்கம், நான்கு பக்கம், இரண்டு அடிக்குறிப்பு. எல்லாம் உள்ளே.

மே 22, செவ்வாய்.

காலையில் வாங்குக்கு முன் நின்று அறிவித்தேன்: எந்த முகத்தைத் தொட்டாலும் ஒன்றுதான், டாக்டர் எழுதிய ஊசிதான், என்னால் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அம்மாக்கள் பொறுமையாகக் கேட்டார்கள். நான் நகர்ந்ததும் மகதலேனா பக்கத்திலிருப்பவரிடம், “அப்படித்தான் சொல்லணும்னு மேல சொல்லியிருப்பாங்க. நீ சிரிக்கிறதையே தொடச் சொல்லு.”

பத்தரைக்கு வாசலில் இரட்டைப் பின்னல். இரண்டிலும் ரிப்பன்.

அட்டையை நீட்டவில்லை. அவளே கேட்டாள். ஐந்தாவது முகம். நாடி 138. நல்லம்மாளோடு உள்ளே போனாள். கதவு மூடியது. அலறல், போன தடவைகளைப் போலவே. குறைந்தது என்று எழுத ஆசை. குறையவில்லை. ஆனால் வாதம் இல்லை. அம்மா என்று மட்டும்.

வெளியே வந்தார்கள். அழுது வீங்கிய முகம் இரண்டு.

“வலிச்சுது,” என்று சீதாலெட்சுமி எனக்கு அறிக்கை கொடுத்தாள்.

“தெரியும்.”

“உள்ள வராமலே எப்படித் தெரியும்?”

மே 29.

சிஸ்டர் இன்று என்னைக் கேட்காமலே மூன்று அம்மாக்களை உள்ளே விட்டார். “ஒரு தடவைன்னுதானே சொன்னீங்க?” என்றேன். “நான் பிடிக்கறதைவிட அவங்க நல்லாப் பிடிக்கறாங்க லா. எனக்கு இடுப்பு வலி.” இதைவிட நல்ல ஆய்வு முடிவு எனக்குக் கிடைக்கப்போவதில்லை.

ஜூன் 5.

புதிய படிவங்கள். இன்று ஏழு பிள்ளைகள். எல்லா முகங்களும் வந்தன. மூன்றாவதுகூட. மிட்டாய் யாருக்கும் இல்லை. கெட்டிக்காரி என்ற சொல் வாய்வரை வந்தது, விழுங்கினேன்.

அப்பா கேட்டார்: “அப்ப மூண்டு மாசம் என்னத்தைக் கண்டுபிடிச்சனீ?”

“பிள்ளையள் ஊசிக்குப் பயப்படுதுகள், அப்பா.”

பேப்பருக்குப் பின்னால் போய்விட்டார். பேப்பர் குலுங்கியது.

ஜூன் 19, செவ்வாய்.

நான்கு வாரம் சரியாக. வந்துவிட்டாள். வாசலிலேயே, “அக்கா, இன்னிக்கு நீங்களும் உள்ள வரணும்.”

“நான் வந்தா ஆய்வு முடிவு —”

“அம்மா வராங்க இல்ல?”

சிஸ்டர் மார்க்கிரட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகம் என் அட்டையில் இல்லாத ஒரு முகம். “வாம்மா, ஆய்வாளர்.”

போனேன். நான்கு மாதம் கழித்து. சிறிய அறைதான். ஒரு கட்டில், ஒரு தட்டு. தட்டில் ஊசி. கதவுக்கு வெளியே நின்று நான் கற்பனை செய்ததைவிடச் சிறியது. அந்தச் சிறியதையே என்னால் பார்க்க முடியவில்லை. சீதாலெட்சுமி குப்புறப் படுத்தாள், நல்லம்மாள் மகளின் தலையைப் பிடித்துக்கொண்டார். சிஸ்டர் “ஜாங்கான் தாக்குட்” என்றார். பயப்படாதே என்று. யாருக்குச் சொன்னாரோ. மருந்து மெதுவாக, மிக மெதுவாக இறங்கியது. சீதாலெட்சுமி கத்தினாள். சுவர் வெள்ளையாக இருந்தது. பிறகு எல்லாமே வெள்ளையாக இருந்தது.

முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். தலையை முழங்காலுக்கிடையே யாரோ அழுத்திப் பிடித்திருந்தார்கள். சிஸ்டரின் கை. “அம்மா நல்லாத்தான் நிக்கறாங்க. விழுந்தது யாரு பாரு.”

நிமிர்ந்தபோது எதிரே சீதாலெட்சுமி. பாவாடையைச் சரிசெய்துகொண்டு, கன்னத்தில் கண்ணீர் காயாமல், கையில் என் அட்டை. நான் விழுந்தபோது பையிலிருந்து விழுந்திருக்க வேண்டும். இரண்டு கையாலும் பிடித்து என் முன்னால் நீட்டினாள், நான் நீட்டுவதைப் போலவே.

“அக்கா. உங்க மனசு இப்ப எந்த மூஞ்சி மாதிரி இருக்கு?”

நான்காவதைத் தொட்டேன். (ஐந்தாவதுதான். ஆய்வாளருக்கும் மானம் உண்டு.)

அவள் என் விரலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். என் விரலைப் பிடித்து ஒரு கட்டம் தள்ளி வைத்தாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார் நல்லம்மாள். அட்டையை வாங்கக் கை நீட்டினேன். சீதாலெட்சுமி அதைப் பள்ளிப் பைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

“அட்டை, சீதாலெட்சுமி.”

“அடுத்த மாசம் வரப்ப தரேன் அக்கா.”